குழம்பிலும் குப்பியிலும் குடம்புளி

தக்கலையில் என் மைனி வீட்டு அடுக்களையில் ஒரு குடம்புளி பரணி உண்டு. புகையில் காய்ந்து, கன்னங்கரேலென்று சுருண்டு கிடக்கும் துண்டுகள். சாளை மீன் வாங்கும் நாளில் நாலு துண்டைக் கழுவி வெந்நீரில் ஊறப்போட்டு, தேங்காய் அரைப்போடு மண்சட்டியில் சேர்ப்பார். மறுநாள் வரை குழம்பு கெடாது, ருசியும் கூடியிருக்கும். போன வருடம் அந்தப் பரணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக் குப்பி வந்து உட்கார்ந்திருந்தது. அறுபது மாத்திரை, 'கார்சீனியா கம்போஜியா' என்று பெயர். இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்து இணையத்தில் வாங்கியிருந்தார். குப்பியில் அச்சிட்டிருந்த பழத்தைக் காட்டி, "மைனி, இது நம்ம குடம்புளிதான்" என்றேன். அவர் பரணியையும் குப்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நாற்பத்தாறு வயது, இரண்டு பிரசவம், எல்லையில் நிற்கும் சர்க்கரை. போகும்போதெல்லாம் "கொஞ்சம் வெயிட்டைக் குறைங்கம்மா" என்று ஒரே வரியில் அனுப்பிவிடும் டாக்டர். எப்படிக் குறைப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. குப்பி சொன்னது.

குடம்புளிக்கு இந்தப் புதுவாழ்வு வந்த கதை மைசூரில் தொடங்குகிறது. அங்குள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் லூயிஸ், நீலகண்டன் இருவரும் 1965இல், இதன் புளிப்புக்குக் காரணம் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம் என்று கண்டறிந்தார்கள். சாப்பிடும் மாவுச்சத்தை உடல் கொழுப்பாக மாற்ற உதவும் ஒரு நொதியை இந்த அமிலம் தடுக்கிறது என்பது சில ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வுக்கூடங்களில் தெரியவந்தது. எலிகளுக்குக் கொடுத்தபோது அவை குறைவாகத் தின்றன, உடம்பில் கொழுப்பும் குறைந்தது. வியாபாரிகளுக்கு அது போதும்.

மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தவர், நியூயார்க்கின் ஸ்டீவன் ஹேம்ஸ்ஃபீல்ட். 135 பேர், 12 வாரம். ஒரு பாதிக்கு நாளுக்கு ஒன்றரை கிராம் இந்த அமிலம்; மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. இரு தரப்பும் நார்ச்சத்து கூடிய, கலோரி குறைந்த சாப்பாடு சாப்பிட்டார்கள். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் முடிவு வந்தது: அமிலம் சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 3.2 கிலோ குறைந்திருந்தது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 4.1 கிலோ. புள்ளியியல் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். இரு தரப்பிலும் எடையைக் குறைத்தது தட்டில் இருந்த சாப்பாடு. இது வெளிவந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. குப்பி இன்னும் விற்கிறது.

பணம் போவதோடு முடிந்தால் பரவாயில்லை. கார்சீனியா சாரம் எடுத்தவர்களில் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. குழம்பில் நாலு துண்டு போடுவது வேறு, சாரத்தைச் செறிவாக்கி நாள்தோறும் விழுங்குவது வேறு. இன்னொரு ஆபத்தும் உண்டு. சிபுட்ரமின் என்ற பசிகுறைப்பு மருந்து, இதய நோயாளிகளுக்கு மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவது தெரிந்து 2010இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இந்தியாவிலும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்ற மெலிவுப் பொடிகளில் அதை மறைத்துக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. 'பக்கவிளைவே இல்லை' என்று அட்டையில் எழுதியிருந்தால் எனக்குப் பயம்தான் கூடுகிறது. இடுப்பில் கட்டும் சூட்டு பெல்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். குறைவது வியர்வை, ஒரு செம்பு தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

இப்போது வந்திருக்கும் ஊசிகளை இந்த வரிசையில் சேர்ப்பது நியாயமில்லை. அவை வேலை செய்கின்றன. சாப்பிட்டதும் குடலில் சுரந்து 'போதும்' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோனைப் போலச் செய்யப்பட்டது செமாக்ளூடைட். 1,961 பேரிடம் செய்து 2021இல் வெளியான சோதனையில், 68 வாரத்தில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதம் குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். மூட்டு தேய்ந்து, தூக்கத்தில் மூச்சுத் திணறி அவதிப்படுகிற ஒருவருக்கு இது சின்ன விஷயமா? உடல்பருமன் ஒரு நோய். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவரைக் கேலி செய்யாத நாம், இவர்களை மட்டும் 'சோம்பேறி வழி' என்று பேசுவது கொடுமை.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது: நிறுத்தினால்? அதே சோதனையில் ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இதே வகையைச் சேர்ந்த டிர்செபடைட் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது, ஆரம்ப அளவுக்கே மாதம் சுமார் 14,000 ரூபாய். கல்யாணத்துக்கு முன் மூன்று மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட வேண்டும். குறைகிற எடையில் ஒரு பங்கு தசையும் போகும். அதனால் ஊசி போடுபவருக்கும் பருப்பும் முட்டையும் உடற்பயிற்சியும் தேவை.

எடை திரும்புவது மனஉறுதி இல்லாததால் மட்டும் அல்ல. மெல்போர்னில் பிரியா சுமித்ரன் குழு, 50 பேரைப் பத்து வாரக் கடும் பத்தியத்தில் சேர்த்து, எடை குறைத்தவர்களைத் தொடர்ந்து கவனித்தது. ஓராண்டு கழிந்தும் அவர்களுடைய பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. முன்பைவிட அதிகமாகப் பசித்தது. 2011இல் வந்த ஆய்வு இது. உடம்பு பழைய எடையை ஞாபகம் வைத்துக்கொண்டு அதை நோக்கியே இழுக்கிறது. பட்டினி கிடந்து மெலிந்து, மீண்டும் பருத்து, தன்னையே திட்டிக்கொள்கிற எத்தனையோ பேரிடம் இதை ஒருமுறை உரக்கச் சொல்லத் தோன்றுகிறது.

அப்படியானால் வாழ்க்கைமுறை மாற்றத்தால் என்ன பயன்? நம் சென்னையிலேயே பதில் கிடைத்தது. டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை எல்லையில் நின்ற 531 பேரை மூன்றாண்டு கவனித்து 2006இல் முடிவை வெளியிட்டது. ஒரு பிரிவினரிடம் சொன்னது இவ்வளவுதான்: தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடங்கள்; சர்க்கரையை விடுங்கள்; மைதா வகைகளையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டுங்கள். இந்த ஆலோசனை பெறாத ஒப்பீட்டுப் பிரிவினரில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. மாற்றிக்கொண்டவர்களில் 39.3 சதவீதம். இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. மாற்றிக்கொண்டவர்களின் எடை சொல்லும்படி குறையவே இல்லை. எடைக்கருவியில் முள் அசையாதபோதும், உள்ளே நோய் தள்ளிப்போயிருக்கிறது.

மூன்று வாரம் நடந்துவிட்டு 'ஒரு கிலோகூடக் குறையலையே' என்று செருப்பை மூலையில் போட்டவர்கள் எத்தனை பேர்! அவர்கள் கையில் யாராவது இந்த எண்களைக் கொடுத்திருக்க வேண்டும். இதையும் நிறுத்தினால் பலன் போகும், உண்மைதான். ஆனால் அரை மணி நடைக்கு மாதம் பதினாலாயிரம் வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டிலேயே செய்கிற மாற்றத்தை நிறுத்த வேண்டிய அவசியமும் வராது. இரண்டு மாதம் பழரசம் மட்டும் குடித்து எப்படியும் வாழ்ந்துவிடலாம், இருபது வருடம் முடியாது.

மைனி குப்பியைப் பாதியிலேயே விட்டுவிட்டார். விடியற்காலையில் பக்கத்து வீட்டு டீச்சரோடு குளத்தைச் சுற்றி நடக்கிறார். நாலு மணி டீயில் சர்க்கரையும் தொட்டுக்கொள்ளும் ஏத்தம்பழ பஜ்ஜியும் போயின. பஜ்ஜி மட்டும் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும். எட்டு மாதத்தில் குறைந்தது இரண்டரை கிலோ. அக்கம்பக்கத்தில் யார் கண்ணுக்கும் அது தெரியவில்லை. அவருக்குத் தெரிகிறது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை இரண்டு முறையாக இறங்கியிருக்கிறது. மாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது பாதியில் நிற்பதில்லை.

போன வாரம் போனபோது சாளைக் குழம்பு வைத்திருந்தார். வழக்கமாக மூன்று அகப்பை சோறு வைக்கும் இடத்தில் இரண்டு வைத்துவிட்டு, மீதி இடத்தில் பயறுத் துவரனைக் குவித்தார். "மீன் எத்தனை வேணும்?" என்றார். மூன்று என்றேன். சட்டியின் அடியிலிருந்து மீனோடு ஒரு குடம்புளித் துண்டும் ஏறி வந்தது. அதைத் தன் தட்டில் எடுத்துப் போட்டுச் சப்பிக்கொண்டே சாப்பிட உட்கார்ந்தார்.