பூட்டிய பட்டை

கணிப்பொறித் திரையின் ஓரத்தில் கடிகாரமும், செயலிகளைத் திறக்கும் குறிகளும் அமைந்த நீண்ட பட்டை ஒன்று உண்டு. லினக்ஸ் கணிப்பொறிக்கென 1996இல் தோன்றிய எக்ஸ்எஃப்சிஇ என்னும் திரைச்சூழலில், அப்பட்டையைப் பயனர் தம் விருப்பம்போல் மாற்றியமைக்கலாம், பூட்டியும் வைக்கலாம்.

அப்பூட்டு இருவகைப்படும். முதலாவது, பட்டை இடம்பெயராமல் காப்பது. பட்டையின் விருப்பத்தேர்வுகளில் உள்ள பூட்டுக் குறியைப் பயனரே நீக்கி அதனைத் திறக்கலாம்.

இரண்டாவது, பொதுக் கணிப்பொறிக்கு உரியது. நூலகம் போன்ற இடங்களில் ஒரே கணக்கைப் பலர் பயன்படுத்துவர். அங்கு ஒருவர் நீக்கிய குறி அடுத்தவர்க்குக் கிட்டாது. இக்குறை நேராவண்ணம், ரூட் எனப்படும் தலைமைப் பயனர் அமைப்புக் கோப்பு ஒன்றில் பூட்டு விதியை எழுதிவைப்பார். மாற்றும் உரிமை உடையோர் பெயர்களும் அதிலேயே குறிக்கப்படும். அக்கோப்பு எளிய எழுத்துகளால் ஆனது, பிறரும் படிக்கலாம். ஆனால், திருத்தும் அதிகாரம் ரூட் பயனருக்கே உண்டு.

ஆதலின், மாற்றம் வேண்டுவோர் பூட்டை உடைக்க முயலுதல் தகாது. பொறுப்பாளரிடம் காரணம் கூறித் தனிக் கணக்குப் பெற்று, அதன் பெயரை அக்கோப்பில் சேர்க்கச் செய்தலே முறை. அவ்வாறு பெற்ற கணக்கில் அவர் செய்யும் மாற்றம் அவருடைய பட்டையை மட்டுமே சாரும். பிறர்க்கு இடையூறு செய்யாது. தம் விருப்பமும் நிறைவேறி, பொதுநலனும் கெடாதிருக்கும் வழி இதுவேயாம்.