'அவங்க பார்த்திருப்பாங்க!' - 114 உயிர்களைப் பறித்த விபத்து சொல்லும் இன்ஜினீயரிங் பாடம்

ஒரு கட்டடம் இடிஞ்சா, 'எந்தப் பாகம் உடைஞ்சது?'னுதானே முதல்ல கேட்பீங்க? அது பாதிக் கேள்விதான்.

1981 ஜூலை 17. அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், ஹையட் ரீஜென்சி ஹோட்டல் லாபிக்கு மேலே தொங்கிய இரண்டு நடைபாலங்கள் இடிந்து விழுந்து, 114 பேர் பலியானார்கள்.

முதல் டிசைனில், கூரையிலிருந்து இறங்கும் ஒரே கம்பிதான் இரண்டு பாலங்களையும் தாங்கும். பொருத்துவது கஷ்டம் என்று கம்பியை இரண்டாக்க, கீழ்ப்பாலம் மேல்பாலத்திலிருந்தே தொங்கியது. ஒரே கயிற்றை இரண்டு பேர் தனித்தனியா பிடிச்சுத் தொங்கலாம். ஒருத்தர் காலைப் பிடிச்சு இன்னொருத்தர் தொங்கினா? மேலே இருப்பவர் கைக்கு இரண்டு மடங்கு சுமை. மேல்பால இணைப்புக்கும் அதே கதிதான்.

உடைந்தது இணைப்பு. ஆனால், 'அவங்க பார்த்திருப்பாங்க' என்று இரு தரப்பும் இருந்துவிட, புதிய இணைப்புக்கு யாருமே கணக்குப் போடவில்லை. வரைபடத்துக்கு ஒப்புதலும் கிடைத்தது. முதல் டிசைனே கட்டட விதிப்படி போதாது என்பது விசாரணையில்தான் தெரிந்தது.

இந்த விபத்தை இன்ஜினீயரிங் வகுப்பில் அலசுவது இதற்காகத்தான். பாகத்தை மட்டும் பார்க்காமல், டிசைன், தயாரிப்பு, ஒப்புதல், தகவல் பரிமாற்றம் என மொத்தச் சங்கிலியையும் பார்ப்பதே 'சிஸ்டம்ஸ் திங்க்கிங்'.

அடுத்த முறை உங்க புராஜெக்ட் சொதப்பினால், 'யார் தப்பு?'னு கேட்காதீங்க. 'இதை யார் செக் பண்ணுவாங்கன்னு நாம நினைச்சோம்?'னு கேளுங்க!