அன்னதானத்துக்குப் பிறகு ஒரு கைமுதல்

விழுப்புரம் வட்டாரத்தில் சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தண்டல் கணக்கு மனப்பாடம். 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு, முன்வட்டியாக 1,500 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாளிலிருந்து தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கேட்கும்போது பெரிய வட்டியாகத் தோன்றாது. ஆனால் வாங்கிய பணம் நாள்தோறும் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பதால், கடன்காரர் கையில் சராசரியாக நிற்பது அதில் பாதிதான். அந்தப் பாதிக்கு 100 நாளில் 1,500 ரூபாய் என்றால், ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. இந்த வட்டாரத்துக் காணையில் இட்லிக் கடை போடும் பெண்ணோ, தள்ளுவண்டியில் காய் விற்பவரோ, பூ கட்டி விற்பவரோ இந்த வட்டியைக் கட்டிவிட்டு மிச்சம் பிடித்து முன்னேறுவது எப்படி?

தண்டலும் கந்து வட்டியும் மீட்டர் வட்டியும் 2003ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. பெயர் சொல்லித் தடை செய்த பிறகும் அவை ஓடுவதற்குக் காரணம் எளிது. காலையில் கேட்டால் காலையிலேயே பணம் கொடுக்க வேறு ஆள் இல்லை. வங்கி பத்திரம் கேட்கிறது. மகளிர் குழுவில் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கிய குடும்பங்களின் நிலை இன்னும் கொடுமை. அங்கே கடனுக்கு ஈடாக நிற்பது மனிதர்களின் உடலுழைப்பு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்.

இதே மாவட்டத்தில் பக்திக்காகக் கொடுக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவுக்குத் திரளும் கூட்டத்துக்கு வழிநெடுகச் சோறும் மோரும் கிடைக்கும். செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்று நான்கு தானங்களை வகுத்தவர்கள் அவர்கள். திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் பொம்மபுர ஆதீனம் 1938இல் தமிழ்க் கல்லூரியே தொடங்கியது. பக்கத்து மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867 மே 23 அன்று மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவருக்கு முதலில் சோறு என்ற அவர் வரிசையை யாரும் மாற்ற முடியாது. என் கேள்வி அதற்கு அடுத்த படியைப் பற்றியது. சாப்பிட்டு எழுந்தவர் நாளைக்குத் தன் தொழிலைத் தொடங்க 10,000 ரூபாய் கேட்டால், அதையும் அறமாக நினைத்துக் கொடுக்கும் ஏற்பாடு ஊரில் உண்டா?

உண்டு என்பதற்கு முதல் சான்று இஸ்லாமிய மரபில் கிடைக்கிறது. கடன் போக, ஏறக்குறைய 11 பவுன் தங்கத்தின் மதிப்புக்குச் செல்வம் வைத்திருப்பவர், ஓராண்டு கடந்ததும் அதில் இரண்டரை சதவீதத்தை ஜகாத்தாகக் கொடுக்க வேண்டும். வெள்ளியை அளவுகோலாகக் கொள்வோரும் உண்டு. அப்படிக் கணக்கிட்டால் இன்னும் குறைந்த செல்வத்துக்கே கடமை வந்துவிடும். இதை வாங்கத் தகுந்தவர்களாகக் குர்ஆன் எண்ணிச் சொல்லும் எட்டுப் பிரிவினரில் கடனாளிகள் ஒரு பிரிவு. அடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட வேண்டியவர்கள் இன்னொரு பிரிவு. சூளைகளில் முன்பணத்துக்குக் கட்டுண்ட குடும்பங்கள் இருக்கும் நாட்டில் அந்த இரண்டையும் நிறுத்திப் படிக்க வேண்டும்.

ஜகாத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கொடுத்த பொருள் வாங்கியவருக்கே முழுச் சொந்தமாகிவிட வேண்டும் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆகவே தையல் இயந்திரமோ, இரண்டு ஆடோ, தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுத்துவிடுவதற்கு அது பொருந்துகிறது. திரும்பப் பெறும் கடனுக்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஊர்களில் ஜமாஅத்தை ஒட்டி இயங்கும் பைத்துல்மால் என்னும் பொதுநிதிகள், சதகா என்னும் விருப்பக் கொடை, நன்கொடை போன்ற பணத்திலிருந்து வட்டியில்லாத ‘அழகிய கடன்’ கொடுக்கின்றன. நகையை ஈடாக வாங்கிக்கொண்டாலும் திரும்பக் கட்டும்போது வாங்கிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது பாகிஸ்தானின் லாகூரில் தொடங்கிய அகுவத் அமைப்பு. அரசுப் பணியில் இருந்த அம்ஜத் சாகிப் 2001இல் இதை ஆரம்பித்தார். முதல் கடன் 10,000 ரூபாய், ஒரு விதவைக்கு. அவர் தையல் இயந்திரம் வாங்கித் தொழில் செய்து, ஆறு மாதத்தில் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். அந்தப் பணம் அடுத்தவருக்குப் போனது. தனிக் கட்டடம் கட்டாமல் மசூதியிலும் தேவாலயத்திலும் வைத்தே கடன் வழங்கினார்கள். வாங்குபவர் எந்த மதம் என்று பார்க்கவில்லை. கொடுத்த கடன் ஏறக்குறைய முழுதும் திரும்பியது. கடன் வாங்கி முன்னேறியவர்கள் பிறகு அதே நிதிக்குக் கொடையாளர்களாயினர். 2021இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கிறிஸ்தவ மரபிலிருந்து வந்த ஒரு கிளை நம் கிராமங்களில் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அதன் மூலம் மறந்துபோயிற்று. ஜெர்மனியில் 1846–47 குளிர்காலப் பஞ்சத்தின்போது வையர்புஷ் என்ற சிற்றூரின் நிர்வாகியாக இருந்தவர் ஃப்ரீட்ரிஷ் வில்ஹெல்ம் ரைஃபைசன். ஆழ்ந்த விசுவாசி. வசதியானவர்களிடம் பணம் திரட்டி ஏழைகளுக்கு ரொட்டி கொடுக்க ஒரு சங்கம் வைத்தார். பிறகு விவசாயிகளை வட்டிக்காரரிடமிருந்து காக்க உதவிச் சங்கங்கள் நடத்தினார். பணக்காரர்களின் இரக்கம் சில ஆண்டுகளில் சோர்ந்துவிடுவதைக் கண்டார். 1864இல் ஹெடஸ்டார்ஃபில், கடன் வாங்குபவர்களே உறுப்பினர்களாகி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் கடன் சங்கமாக மாற்றினார். சென்னை மாகாண அரசு இந்த முறையைப் படிக்க பிரடெரிக் நிக்கல்சனை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. 1895, 1897ஆம் ஆண்டுகளில் அவர் அறிக்கை வந்தது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டு திருவள்ளூர் அருகே திரூரில் சங்கம் தொடங்கியது. இன்று நம் ஊர்களில் உரக்கடனுக்கு நாம் வரிசையில் நிற்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் பூர்வீகம் ஒரு பஞ்சகால ரொட்டிச் சங்கம்தான்.

ரைஃபைசன் கற்ற பாடத்தை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். கொடுப்பவர் மனம் மாறினால் நின்றுபோகும் உதவியை நம்பி ஒருவர் தொழில் நடத்த முடியாது. நிதி ஊருடையதாக இருக்க வேண்டும். அதைக் கவனிப்பதில் வாங்குபவருக்கும் பங்கு வேண்டும்.

நம் மாவட்டத்திலேயே வேறொரு விதமாக நடந்த முயற்சியும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆரோவில்லின் உபாசனா அமைப்பு, கடலோர மீனவப் பெண்களுக்குத் துணித் துண்டுகளில் விரல் அளவு பொம்மை செய்யப் பழக்கியது. பெயர் சுனாமிகா. அதை விற்பதில்லை, பரிசாக மட்டுமே கொடுக்கிறார்கள். பெற்றவர்கள் மனமுவந்து அனுப்பும் நன்கொடையிலிருந்து பெண்களுக்குக் கூலி போகிறது. பல நாடுகளுக்கு அந்தப் பொம்மை போயிருக்கிறது. கடலைப் பார்க்கவே அஞ்சியிருந்த பெண்களின் கைக்கு வேலை கொடுத்தது அரிய செயல். ஆனாலும் வருமானம் நன்கொடையையே சார்ந்திருப்பதால் எல்லா ஊருக்கும் இது வழியாகாது. காணைக்குச் சுழலும் கடன் நிதியே பொருந்தும் என்பது என் முடிவு.

அது ஓடும் விதத்தைப் பார்ப்போம். ஒரு லட்சம் ரூபாய் நிதி. 10 பேருக்குத் தலா 10,000. ஒவ்வொருவரும் மாதம் 1,000 வீதம் பத்து மாதத்தில் கட்ட வேண்டும். முதல் மாதம் திரும்பும் 10,000 ரூபாய் அப்படியே பதினோராவது நபருக்குப் போகும். வரும் பணத்தைத் தேங்கவிடாமல் கொடுத்துக்கொண்டே போனால், முதல் ஆண்டு முடிவதற்குள் 25 பேருக்கு மேல் கைமுதல் கிடைத்திருக்கும். ஐந்து சதவீதம் திரும்பவில்லை என்றாலும், அடுத்த நோன்புக் காலத்திலோ அறுவடைத் திருவிழாவிலோ வரும் காணிக்கை அந்தக் குழியை நிரப்பிவிடும். தண்டலில் அதே 10,000 ரூபாய்க்கு 1,500 இழந்தவருக்கு இங்கே இழப்பு ஏதும் இல்லை.

தவணை தொழிலுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும். இட்லிக் கடைக்கு வாரத் தவணை சரி. ஆடு வளர்ப்பவருக்குக் குட்டி விற்கும்வரை பொறுக்க வேண்டும். மணிலா பயிரிட்டவருக்கு அறுவடைக்குப் பின்தான் பணம். நோயாளிக்கும் முதியவருக்கும் கடனே கூடாது; அவர்களுக்குக் கொடை மட்டும்தான். வட்டி இல்லாத கடனும் கட்ட முடியாதவரின் கழுத்தைப் பிடிக்கும்.

கொடுப்பதில் ஒரு பண்பும் வேண்டும். பாரிஸில் 1833இல் இளைஞர் ஓசனாமும் நண்பர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையினர், நம் கத்தோலிக்கப் பங்குகளிலும் ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்த்து உதவுகிறார்கள். வாங்குபவரை மேடைக்கு அழைத்துப் படம் எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். மதம் மாறச் சொல்வதும், தேர்தல் நேரத்தில் நினைவூட்டுவதும் கொடையை வட்டியாக்கிவிடும். நிதியாளர்கள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. அதற்கு 2019ஆம் ஆண்டின் சட்டத் தடை இருக்கிறது. கொடையாக வரும் பணம் போதும். கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் முன் வாசித்துவிட வேண்டும்.

காணை ஒன்றியத்தில் இருக்கும் கோயில் நிர்வாகிகளுக்கும் ஜமாஅத்தாருக்கும் பங்குப் பேரவையினருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழாவின் வரவு செலவைப் பார்க்க உட்காரும்போது, அன்னதானத்துக்குக் குறைவு வைக்காமல், மீந்த தொகையில் ஒரு பகுதியைக் கைமுதல் நிதியாக எடுத்து வையுங்கள். மூன்று தரப்பும் சேர்ந்து ஒரே நிதியாக வைத்தால் இன்னும் நல்லது. முதல் பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்கும்போது, இப்போது தண்டல் கட்டிக்கொண்டிருப்பவர்களிடமிருந்து தொடங்குங்கள்.