வீடு மாத்துற அன்னைக்கு யார் பாத்துக்கிறது?

நம்ம ஊர்ல வீடு மாத்துறதுக்குன்னே ஒரு சீசன் இருக்கு. ஆனி, ஆடியில பால் காய்ச்ச மாட்டாங்க. ஜூன்ல ஸ்கூல் திறந்துடும். அதனால சித்திரை, வைகாசியிலேயே முடிச்சுடணும்னு பெரியவங்க நிப்பாங்க. விளைவு? வருஷத்துலயே அதிகமா வெயில் கொளுத்துற நேரத்துல, பீரோவையும் ஃபிரிட்ஜையும் குட்டியானையில ஏத்திட்டு இருப்போம்.

போன வருஷம் மே மூணாவது வாரம், திருச்சியில எங்க வீடும் மாறுச்சு. ஸ்ரீரங்கத்துல இருந்து கே.கே.நகர். ஒரு மணி நேரம் கூட ஆகாத தூரம்தான். கார்ல நான், அக்கா, அக்காவோட மூணு வயசுப் பையன், எங்க நாய் மணி. போய்ச் சேரும்போது காலை பதினொன்றரை. குட்டிப் பையன் பின்சீட்ல தூங்கிட்டான். "எழுப்பாதடா, தூங்கட்டும். நான் இங்கயேதான் இருக்கேன்"ன்னு அக்கா சொன்னா. நான் ஜன்னலை ரெண்டு விரல் அளவுக்கு இறக்கி விட்டுட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, ஃபிரிட்ஜைத் தூக்கப் போயிட்டேன்.

அடுத்த சில நிமிஷத்துல, பால் காய்ச்சுற பாத்திரம் எந்தப் பெட்டியில இருக்குன்னு கேட்டு அம்மா அக்காவைக் கூப்பிட்டாங்க. நான் காருக்குத் திரும்பியிருப்பேன்னு அவ நினைச்சா. அவ கார்லயே இருக்கான்னு நான் நினைச்சேன். ரெண்டு பேரும் மாடியில இருந்தோம்.

மணி குரைச்ச சத்தம் கேட்டுதான் ஓடி வந்தேன். பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான் ஆகியிருக்கும். பையன் முகம் சிவந்து, தலைமுடி எல்லாம் தொப்பலா நனைஞ்சு, அரைத்தூக்கத்துல முனகிட்டு இருந்தான். மணி நாக்கைத் தொங்கப் போட்டு, எச்சில் வழிய மூச்சு வாங்கிட்டு இருந்துச்சு. நல்லவேளை, ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா இன்ஜினை ஆஃப் பண்ணது நான்தான். நாலு வருஷம் மெக்கானிக்கல் படிக்கிறவன். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல பாஸ் ஆனவன்.

காருக்குள்ள என்ன நடக்குது?

சூரிய ஒளி கண்ணாடி வழியா சுலபமா உள்ளே வருகிறது. டேஷ்போர்டும் சீட்டும் அதை உறிஞ்சிச் சூடாகின்றன. சூடான பொருட்கள் அந்த வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாகத் திருப்பி அனுப்பும்போது, கண்ணாடி அதை வெளியே விடுவதில்லை. உள்ளே இருக்கும் காற்றும் வெளியே போக வழியில்லை. ஆக, வெப்பம் உள்ளே வருது, வெளியே போகல.

இதை அமெரிக்காவில் அளந்து பார்த்து, 2005-ல் 'பீடியாட்ரிக்ஸ்' என்ற மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. ஜன்னலை லேசாகத் திறந்து வைத்தும் பெரிய வித்தியாசம் இல்லை. நான் ரெண்டு விரல் இறக்கினது என் மனசாட்சிக்குத்தான் உதவுச்சு, பையனுக்கு இல்ல.

நமக்குத் தாங்குற சூடு அவங்களுக்கு ஏன் தாங்காது?

குழந்தையின் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால் சுற்றி இருக்கும் வெப்பத்தை உடம்பு வேகமாக இழுத்துக்கொள்ளும். பெரியவர்களை விட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகக் குழந்தையின் உடம்பு சூடாகும் என்கிறார்கள். வியர்ப்பதும் நம்ம அளவுக்கு இருக்காது.

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மூச்சிரைத்து, நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது சூட்டைக் குறைக்கிறது. மூடிய இடத்தில் அது விடும் மூச்சாலேயே காற்றில் ஈரம் கூடிவிடும், ஆவியாவது குறைந்துவிடும். சப்பை மூக்கு உள்ள பக் மாதிரி நாய்களுக்கு இன்னும் கஷ்டம். நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

அப்போ என்ன பண்ணலாம்?

முதல் விஷயம், ஒரே ஒரு ஆள். அன்னைக்கு முழுக்க அவருக்கு வேற வேலையே கிடையாது. பெட்டி தூக்கக் கூடாது, பால் காய்ச்சக் கூடாது. மாத்தி விடணும்னா "இனிமே நீ பாத்துக்கோ"ன்னு வாய்விட்டுச் சொல்லணும், எதிர்ல இருக்கிறவங்க "சரி"ன்னு சொல்லணும். முடிஞ்சா குழந்தையையும் நாயையும் அன்னைக்கு மட்டும் பாட்டி வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ விட்டுடுங்க.

ஃபேனைக் கடைசியா கழட்டுங்க, முதல்ல மாட்டுங்க. பழைய வீட்டுலயும் புது வீட்டுலயும் ஒரு ரூமை அவங்களுக்குன்னு ஒதுக்கி, தண்ணி வச்சு, கதவுல "திறக்காதீங்க, உள்ள நாய் இருக்கு"ன்னு பேப்பர் ஒட்டுங்க. அன்னைக்குப் பூரா கேட் திறந்தே கிடக்கும். ஓடிப் போற நாய்க்கு அந்தத் தெரு தெரியாது, அந்தத் தெரு நாய்களுக்கு அதைத் தெரியாது. கழுத்துப்பட்டையில போன் நம்பர் எழுதி வைங்க. பூனைன்னா கூடையில கொண்டு போய், சில நாளைக்கு ஒரே ரூம்ல பழக விடுங்க.

காலையில ஆறு மணிக்கே கிளம்பிடுங்க. நாயை சாமானோட வண்டிக்குப் பின்னாடி ஏத்தாதீங்க. தார் ரோட்டுல நடக்க விடுறதுக்கு முன்னாடி, புறங்கையை ஏழு செகண்ட் ரோட்டுல வச்சுப் பாருங்க. உங்களுக்குச் சுட்டா அதுக்கும் சுடும். வெயில்ல நின்ன கார்ல ஏறும்போது, கதவைத் திறந்து சூட்டை வெளியேத்திட்டு, பெல்ட் பக்கிளைத் தொட்டுப் பாத்துட்டு குழந்தையை உக்கார வைங்க.

புது வீட்டுக்குள்ள போனதும் முதல்ல சம்ப் மூடியைப் பாருங்க. குடி வர்றதுக்கு முன்னாடி கழுவிட்டுத் திறந்தபடியே விட்டிருப்பாங்க. அடுத்து, பழைய ஆள் விட்டுட்டுப் போன எலி மருந்து, பாச்சை உருண்டை. குழந்தைக்கு அது மிட்டாய் மாதிரிதான் தெரியும். பீரோவைச் சுவரோட சரியா நிறுத்துற வரைக்கும் பக்கத்துல விடாதீங்க.

சூடு தாக்கிட்டா?

குழந்தை சோர்ந்து, உடம்பு கொதித்து, வாந்தி எடுத்தால், உடனே நிழலுக்குக் கொண்டு வந்து, துணியைக் கழற்றி, உடம்பைத் தண்ணீரால் நனைத்து விசிறுங்கள். நல்ல நினைவோடு இருந்தால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். குழப்பமாகப் பேசினாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கினாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் 108-க்குக் கூப்பிடுங்கள். வண்டி வரும் வரை நனைப்பதை நிறுத்த வேண்டாம்.

நாய் தள்ளாடினாலோ, நிற்காமல் மூச்சிரைத்து எச்சில் வடித்தாலோ, முதலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், பிறகு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஈரத் துண்டைச் சுற்றி அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். புது ஏரியாவில் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள்.

அன்னைக்கு அந்த வீட்டுல பெரியவங்க மட்டும் ஏழு பேர் இருந்தோம். யாரும் அலட்சியமா இல்ல. எல்லாருக்கும் பையன் மேல உயிர். எல்லாரும் இருக்காங்கன்னு நினைச்சுதான் ஒருத்தரும் கார் பக்கத்துல இல்லாமப் போனோம். மணி குரைச்சுச்சு, தப்பிச்சோம். உங்க வீட்டுல அடுத்த மாசம் குட்டியானை வரப்போகுதுன்னா, எந்தப் பெட்டி எதுலன்னு லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி, அந்த ஒரு ஆள் யாருன்னு முடிவு பண்ணிடுங்க. யாரும் கை தூக்கலன்னா நீங்க தூக்குங்க.