கதையில் கண்ட நஞ்சு

துப்பறியும் கதைகளில் நஞ்சுண்டவர் பெரும்பாலும் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் உயிர் துறந்துவிடுவார். உண்மை வாழ்வில் நஞ்சு அவ்வாறு வெளிப்படையாக வருவது அரிது. அது நோயைப் போல் வேடம் பூண்டு வருகிறது. வீட்டாரும் மருத்துவரும் அதனை நோயென்றே கருதிவிடுவதுண்டு. தாலியம் என்னும் உலோகம் இதற்குத் தக்க சான்றாகும்.

1861ஆம் ஆண்டில் வில்லியம் குரூக்ஸ் என்னும் ஆங்கில விஞ்ஞானி, கந்தக அமிலத் தொழிலின் கழிவுப் படிவு ஒன்றை நிறமாலை நோக்கியால் ஆராய்கையில், அதுவரை எவரும் அறியாத பசிய கோடு ஒன்றைக் கண்டார். 'இளந்தளிர்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லினின்று இத்தனிமத்துக்குப் பெயர் பிறந்தது. இதன் உப்பாகிய தாலியம் சல்பேட்டு நிறமும் மணமும் சுவையும் அற்றது, நீரில் கரைவது. எலிகளைக் கொல்ல அது பெரிதும் கையாளப்பட்டது. அதே இயல்புகள் கொலைஞர்க்கும் துணையாயின.

தாலியம் அயனி, பருமனிலும் மின்னேற்றத்திலும் பொட்டாசியம் அயனியை ஒத்திருக்கிறது. ஆகவே உயிரணுக்கள் பொட்டாசியத்துக்குரிய வழியிலேயே அதனையும் உள்ளே ஏற்றுக்கொள்கின்றன. முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் தோன்றும். சில நாட்களில் பாதங்களில் பொறுக்கவொண்ணா எரிச்சல் எழும். இரண்டு மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே தலைமயிர் கொத்துக்கொத்தாக உதிரும்.

அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர்க் காலத்தில் மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்தில் பணியாற்றியவர். 1961இல் வெளிவந்த 'தி பேல் ஹார்ஸ்' என்னும் நாவலில், மயிர் உதிர்தலையே தாலியக் கொலைகளின் துப்பாக அவர் அமைத்தார். பத்தாண்டுகளுக்குப்பின், 1971இல், இங்கிலாந்தின் பாவிங்டன் என்னும் ஊரில் ஒரு தொழிலகத்தில் பலர் நோயுற்றனர், இருவர் மாண்டனர். ஏதோ தொற்றுநோய் என்றே முதலில் எண்ணினர். உடன் பணிபுரிந்த ஒருவன் தேநீரில் நஞ்சு கலந்தமை பின்னர் வெளிப்பட்டது. மாண்டவருள் எரியூட்டப்பட்ட ஒருவரின் சாம்பலிலும் தாலியம் காணப்பட்டது. 1972இல் அவன் தண்டனை பெற்றான்.

கதை கொலைக்கு வழி காட்டுமோ என்று அஞ்சுவோர்க்கு 1977ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று விடையளிக்கிறது. கத்தார் நாட்டிலிருந்து 19 மாதக் குழந்தை ஒன்று லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. நோய் இன்னதென்று மருத்துவர்க்குப் புலப்படவில்லை. அப்போது அந்நாவலைப் படித்துக்கொண்டிருந்த செவிலி ஒருவர், குழந்தையின் மயிர் உதிர்வதைக் கண்டு தாலியமாக இருக்கலாமென்று கூறினார். சிறுநீரைச் சோதித்ததில் அவர் ஐயம் மெய்யாயிற்று. இதில் கொலைஞன் எவனும் இல்லை. வீட்டில் பூச்சிகளையும் எலிகளையும் ஒழிக்க வைத்திருந்த மருந்தே காரணம். குழந்தை பிழைத்தது.

தாலிய நஞ்சுக்கு மாற்று, ஓவியர் கையாளும் 'பிரஷ்ய நீலம்' என்னும் நிறப்பொருளாகும். அது குடலில் தாலியத்தைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றுகிறது. ஆயின் நஞ்சு இன்னதென்று தெரிந்தாலன்றி மாற்றால் பயனில்லை.

பல நாடுகள் தாலிய எலிமருந்தைத் தடை செய்துவிட்டன. எனினும் கிராமங்களில் பூச்சிகொல்லிகள் இல்லாத வீடு அரிது. அவற்றை உணவுக் கலங்களுக்கு மாற்றலாகாது. குழந்தைகள் கைக்கு எட்டுமிடத்தில் வைக்கலாகாது. எவரேனும் காரணமின்றி நோயுற்றால், வீட்டிலுள்ள மருந்துப் புட்டியையும் அதன் பெயர்ச்சீட்டையும் நோயாளியுடனே மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். களப்பணியாளரும் ஆசிரியரும் இதனைப் பெற்றோர்க்கு எடுத்துரைத்தல் நன்று. அன்று குழந்தையைக் காத்தது அரிய கருவியன்று; கண்டதைக் கருத்தில் கொண்டு தயங்காமல் சொன்ன ஒருவரின் சொல்லே.