மூச்சு வாங்குகிறதா? வயசு மேல் பழி போடாதீர்கள்!

"படி ஏறினா மூச்சு வாங்குதுங்க டாக்டர். வயசாயிடுச்சில்ல... நல்லதா ஒரு லேகியம் கொடுங்க!"

தட்டாஞ்சாவடியில் என் வைத்தியசாலை மாடியில் இருக்கிறது. இரண்டு தடவை நின்று, மேலே வந்து உட்கார்ந்தார் அந்தப் பெரியவர். தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வேலை பார்த்தவர். வயது 62.

நாடி வலுவில்லாமல் மெல்ல எழும்பியது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால், ஒவ்வொரு துடிப்போடும் கரகரவென்று இரைச்சல். கூட வந்த அவர் மனைவி தயங்கியபடி சொன்னார்: "போன வாரம் சிலிண்டரை நகர்த்தும்போது மயக்கம் போட்டு விழுந்துட்டாருங்க."

நான் லேகியம் தரவில்லை. பக்கத்தில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மருக்கு அனுப்பினேன். 'எக்கோ' பரிசோதனையில் மகாதமனி வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது.

அது என்ன வால்வு?

உடம்பு முழுவதற்கும் ரத்தம் அனுப்பும் பம்ப், இதயத்தின் இடது கீழறை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் அனுப்புகிறது! அதன் வாசற்கதவுதான் மூன்று இதழ்கள் கொண்ட இந்த வால்வு. வயதானால் இதழ்களில் சுண்ணாம்பு படியலாம். சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு இதழ்தான். சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலும் வால்வைக் கெடுக்கும். 3, 4 சதுர சென்டிமீட்டர் திறக்க வேண்டிய கதவு, ஒன்றுக்கும் கீழே குறைந்தால் ஆபத்து.

கீழறை என்ன பாடுபடுகிறது?

மூட்டை தூக்குபவரின் புஜம் போல, முக்கித் தள்ளும் கீழறையின் சுவர் தடிக்கிறது. 'பலம்தானே?' என்பீர்கள். இல்லை. தடித்த சுவர் விறைத்துப்போகிறது; தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள முடிவதில்லை. அழுத்தம் பின்னால் மேலறைக்கும் நுரையீரலுக்கும் ஏறுகிறது. மூச்சு வாங்குவது அதனால்தான்.

வால்வு சரியாக மூடாமல் ஒழுகினால், போன ரத்தம் திரும்பி வந்து கீழறை பலூன் மாதிரி விரியும். இரண்டிலுமே பல வருஷம் வெளியே தெரியாது. அறை ரொம்பவும் களைத்த பிறகு வால்வை மாற்றினால், பழைய பலம் முழுசாகத் திரும்பாமல் போகலாம்.

கஷாயத்தில் தீருமா?

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: சுருங்கிய வால்வைத் திறக்க மருதம்பட்டைக் கஷாயத்தால் முடியாது. மாத்திரையாலும் முடியாது. முற்றிய நிலையில் வால்வை மாற்றத்தான் வேண்டும். திருவனந்தபுரத்தில் உருவான 'சித்ரா' வால்வு 1990-லேயே முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியே வைக்கும் முறையை 2002-ல் பிரான்சில் டாக்டர் அலன் கிரிபியே செய்து காட்டினார்.

ஒரு எச்சரிக்கை. உலோக வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாதிருக்க ஆயுசுக்கும் மாத்திரை சாப்பிட வேண்டும். அதோடு இஷ்டத்துக்கு மூலிகை மருந்து சேர்த்தால் ரத்தக்கசிவு வரலாம். மாத்திரை வேலை செய்யாமலும் போகலாம்.

நடந்தால் மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, மயக்கம்... இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே இதயத்தைப் பரிசோதியுங்கள்.

வால்வு மாற்றிக்கொண்ட பெரியவர் இப்போது நிற்காமல் படியேறி வருகிறார். வந்ததும், "இப்பவாவது லேகியம் உண்டா டாக்டர்?" என்கிறார்.

"முதல்ல மாத்திரைச் சீட்டைக் காட்டுங்க!" என்கிறேன்.