திரையைத் தின்ற விளையாட்டு!

விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டார் ஒருவர். அவருடைய கம்ப்யூட்டரில் திரையே போய்விட்டது!

இது நடந்தது 2021-ம் ஆண்டில். அவர் பெயர் லினஸ் செபாஸ்டியன். கானடா நாட்டுக்காரர். கம்ப்யூட்டர்களைப் பற்றி வீடியோப் படங்கள் எடுத்துப் பெயர் பெற்றவர். (லினக்ஸை உண்டாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு, இவர் வேறு!)

விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸில் காலம் தள்ள முடியுமா என்று சோதிக்க இறங்கினார் செபாஸ்டியன். பாப் ஓ.எஸ். என்ற லினக்ஸைத் தம் கம்ப்யூட்டரில் ஏற்றினார். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு உதவும் 'ஸ்டீம்' என்ற புரோகிராமைப் போட நினைத்தார். பொத்தானை அழுத்தினார். "முடியாது" என்றது கம்ப்யூட்டர்.

விடுவாரா? கட்டளை ஜன்னலைத் திறந்து, ஸ்டீமைப் போடும்படி தம் கையாலேயே தட்டினார்.

உடனே ஒரு நீளமான பட்டியல் ஓடியது. "இவற்றையெல்லாம் நீக்கப் போகிறேன். இது ஆபத்தான காரியம். தொடர வேண்டுமானால், 'ஆம், நான் சொல்வதைச் செய்!' என்று தட்டவும்" என்றது கம்ப்யூட்டர்.

தட்டினார். அவ்வளவுதான்! படங்கள், ஜன்னல்கள் எல்லாம் மாயமாகிவிட்டன. எழுத்து மட்டும் தெரியும் கறுப்புத் திரைதான் மிஞ்சியது.

கல்யாண வீட்டுச் சண்டை

லினக்ஸில் ஒரு புரோகிராமைப் 'பேக்கேஜ்' என்கிறார்கள். அது தனியாக வராது. "இன்ன லைப்ரரி இருந்தால்தான் நான் வேலை செய்வேன். அதுவும் இன்ன பதிப்பாக இருக்க வேண்டும்" என்று சீட்டு எழுதிக்கொண்டுதான் வரும். இதற்குச் 'சார்பு' என்று பெயர்.

கல்யாணத்துக்கு அழைத்தால், "மாமா வந்தால்தான் நான் வருவேன்" என்று சிலர் சொல்வார்கள் அல்லவா? அந்த மாமா, "சித்தப்பா இருக்கும் பந்தலில் கால் வைக்க மாட்டேன்" என்றால் என்ன செய்வது? ஒருவர் வர வேண்டுமானால் இன்னொருவர் போக வேண்டியதுதான்.

ஸ்டீம் கேட்பது 32 பிட் ரக லைப்ரரிகள். கம்ப்யூட்டரில் இருப்பவை 64 பிட் ரகம். இரண்டும் ஒரே பதிப்பாக இருந்தால் சண்டை இல்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். அன்று பாப் ஓ.எஸ். கிடங்கில் இரண்டும் ஒத்துப் போகவில்லை. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டது. "ஸ்டீம் வந்தாக வேண்டும் என்கிறார் எஜமானர். திரையை நடத்துகிறவர்களை வெளியே அனுப்பினால் இடம் கிடைக்கும்!"

இதற்காக செபாஸ்டியனைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அவர்மேல் முழுப் பழியையும் போட மனம் வரவில்லை. விளையாட்டுச் சாமான் கேட்டவனிடம், "வீட்டை இடிக்கட்டுமா?" என்று கேட்பதும் ஒரு கேள்வியா? கணக்குப் போட்டது 'ஆப்ட்' என்ற கருவி. 1999-ல் வந்த டெபியன் 2.1 முதல் லினக்ஸ் உலகில் உழைத்து வருகிறது. இந்தச் சம்பவத்துக்குப் பிறகு அதைத் திருத்தினார்கள். இன்றியமையாத பேக்கேஜை அவ்வளவு சுலபமாக அது இப்போது தூக்கி எறியாது.

எப்படிச் சீர்செய்வது?

உபுண்டு, மின்ட், டெபியன் எதுவானாலும் வைத்தியம் ஒன்றே. கட்டளைகளை ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.

பாதியில் கரண்ட் போய்விட்டதா? 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' என்று தட்டுங்கள். அரைகுறையாக நின்ற வேலையை அது முடித்துவிடும்.

அடுத்து 'சூடோ ஆப்ட் அப்டேட்'. கிடங்கில் என்ன சரக்கு இருக்கிறது என்ற பட்டியல் புதிதாகும். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு இல்லாத சரக்கைத் தேடுவதாலும் இந்தத் தொல்லை வருவதுண்டு. அதன் பிறகு 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்'. குறைகிற லைப்ரரி கிடங்கில் கிடைத்தால் கொண்டுவரும். கிடைக்காவிட்டால் சண்டைக்காரப் பேக்கேஜை நீக்கச் சொல்லும்.

"உடைந்த பேக்கேஜ்களைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்" என்று ஒரு செய்தி வரும். பயப்பட வேண்டாம்! பெரும்பாலும் நீங்கள் எதையும் பிடித்து வைத்திருக்க மாட்டீர்கள். கணக்குக்கு விடை கிடைக்கவில்லை என்பதைத்தான் கம்ப்யூட்டர் இப்படிச் சொல்கிறது. சந்தேகமானால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேளுங்கள். நிஜமாகவே நிறுத்தி வைத்தவை இருந்தால் காட்டும்.

பிறகு 'ஆப்ட்-கேச் பாலிசி' என்று தட்டி, தகராறு செய்யும் பேக்கேஜின் பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். எந்தப் பதிப்பு எந்தக் கிடங்கிலிருந்து வந்தது என்று தெரியும். என்றோ வெளிக் கிடங்கு ஒன்றைச் சேர்த்துவிட்டு மறந்திருப்பீர்கள். குற்றவாளி அங்கேதான் அகப்படுவான்!

ஆப்ட் மூலம் எதைப் போடுவதற்கும் நீக்குவதற்கும் முன் அந்தக் கட்டளையோடு '-எஸ்' சேர்த்து ஒரு முறை ஒத்திகை பாருங்கள். வருகிறவர் யார், போகிறவர் யார் என்று பட்டியல் மட்டும் வரும்; வேறு எதுவும் நடக்காது. போகிறவர் பட்டியலில் 'டெஸ்க்டாப்' என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நாள் பொறுத்து மறுபடி முயன்றால், கிடங்குக்காரர்களே தவறைத் திருத்தியிருக்கவும் கூடும்.

செபாஸ்டியன் பொறுக்கவில்லை. 'மஞ்சாரோ' என்ற வேறொரு லினக்ஸுக்கு மாறிவிட்டார். அங்கே ஆப்ட் கிடையாது!